வலப்பக்கச் சில்லின் சத்தம்

பஸாலின் கார் வருவதை எங்கள் தெரு காதால்தான் அறிந்துகொள்ளும். சாய்ந்தமருது பிரதான வீதியில் அது திரும்பும்போதே ஓர் உறுமல் கேட்கும். வலப்பக்க முன்சில்லு சுழலும் பேரிங் தேய்ந்துபோன சத்தம் அது. வெட்கங்கெட்ட சத்தம். அதைத் திருத்தச் சொல்லி நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! "ஓம்" என்பார், போய்விடுவார்.

கல்முனையில் ஒரு கடையில் அவர் கண்ணாடி வெட்டுகிறார். கேட்ட அளவைத் திருப்பிச் சொல்வதோடு அவருடைய அன்றாடப் பேச்சு முடிந்துவிடும். எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண்வீட்டுக்குப் போவான். பிரிந்தாலும் அவன்தான் உடுப்புப் பையோடு வெளியே வருவான். பஸாலும் அப்படித்தான் பாலமுனையிலிருந்து வந்தார். என் வளவுக்கு அடுத்த வளவில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். மூன்று வருடமாகிறது.

மகள் றுமானாவுக்கு ஒன்பது வயது. வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வாப்பா வந்து கூட்டிப்போய், பொழுதுபட்டு மஃரிபுக்கு முன்னர் கொண்டுவந்து விடலாம் என்பது ஏற்பாடு. கிழமையின் மற்ற ஆறு நாளும் அந்த மனுசனுக்கு அதற்காகத்தான் விடிந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பிள்ளையை இறக்கிவிடும்போது, அவளுடைய உம்மா முஸ்பிறா வாசல் படலைக்கு வந்தாள். "சில்லு கழண்டு போற மாதிரிச் சத்தம் போடுது. இனி இதுல புள்ளய ஏத்த ஏலா. திருத்திட்டு வாங்க, இல்லாட்டி வராதீங்க" என்றாள்.

கராஜில் கேட்டால் பேரிங் ஏற்றும் மெசின் பழுது, பத்து நாளாகும் என்றார்கள். பத்து நாள் என்றால் ஒரு வெள்ளிக்கிழமை போய்விடும். புதுப் பேரிங்கை வாங்கிக்கொண்டு வந்தார். புதன்கிழமை பின்னேரம் அறைக்கு முன்னால், வேப்பமரத்தடியில் காரைத் தானே கழற்றத் தொடங்கினார்.

சில்லின் நடுவிலிருக்கும் பெரிய நட்டைக் கழற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், மற்றவர் வெளியே ஸ்பானர் சாவியைத் திருப்ப வேண்டும். பஸால் ஒரு பலகைத் துண்டைப் பிரேக்குக்கும் ஆசனத்துக்கும் இடையில் முட்டுக்கொடுத்தார். சாவியின் பிடியில் தண்ணீர்க் குழாயைச் செருகி அதன்மேல் ஏறி நின்றார். பலகை சறுக்கியது, விழுந்தார். திரும்ப வைத்தார். வேலிக்கு இப்பால் நான் சும்மா தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒரு குரல் கொடுத்திருந்தால் போயிருப்பேன். கொடுக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பழைய பேரிங்கை அடித்துக் கழற்றியதும், புதியதைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போய், ஐஸ்கிரீம் பெட்டிக்குள் வைக்கக் கொடுத்தார். குளிரில் இரும்பு மயிரிழை சுருங்கும், அதற்காக.

"காக்கா, இது ஆர் தின்னுற ஐஸ்கிரீம்?" என்று கடைக்காரன் சாலிஹ் கேட்டான்.

"பேரிங். விடிய எடுப்பன்."

அதோடு கதை முடிந்தது.

வியாழன் காலையில் சிரட்டைக் கரியை மூட்டி, பேரிங் இருக்கும் இரும்புக் கூட்டைச் சூடாக்கினார். குளிர்ந்த பேரிங்கை அதில் வைத்து, அதன்மேல் பழைய பேரிங்கின் வெளிவளையத்தை வைத்துத் தட்டினார். நடுவில் அடி பட்டால் புதியது அன்றைக்கே கெட்டுவிடும். சுற்றிச் சுற்றி, ஒரு பக்கமும் சரியாமல் தட்டினார். கண்ணாடி வெட்டும் கையல்லவா, உள்ளே போய் இருந்துவிட்டது. உச்சிப் பகலாகும்போது சில்லைப் பூட்டிக் கையால் சுழற்றினார். சத்தமே இல்லை. அவர் சிரித்ததை அன்றுதான் கண்டேன். சிரித்துவிட்டு, அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் சுற்றிப் பார்த்தார். எனக்குத்தான் வெட்கமாகிவிட்டது, உள்ளே போய்விட்டேன்.

பிறகு நடந்ததை அவரே ஒருநாள் வேலியோரம் நின்று என்னிடம் சொன்னார்.

வெள்ளிக்கிழமை நிந்தவூர், ஒலுவில் எல்லாம் தாண்டி, பாலமுனை ஒழுங்கைக்குள் கார் பூனைபோல் போயிருக்கிறது. யாருக்கும் தெரியவில்லை. தகர வேலியோரம் நிறுத்திவிட்டு இறங்கியவருக்கு உள்ளே மகளின் குரல் கேட்டது.

"நான் போகல்ல உம்மா. வாப்பா ஒண்டும் கதைக்க மாட்டார். கச்சான்கொட்ட வாங்கித் தந்திட்டுக் கடலப் பார்த்துக்கிட்டே இரிப்பார். எனக்கு அழுக வருது."

"அப்பிடிச் சொல்லாத மகள். அவருக்கு உன்ன விட்டா ஆர் இரிக்கா?" முஸ்பிறாவின் குரல் இறங்கியிருந்தது. "கார்ச் சத்தம் கேக்க முன்ன ஓடிப்போய் முகத்தக் கழுவு. ஒவ்வொரு கிழமையும் கழுவிட்டுத்தானே போற. அழுத முகத்தோட போனா அவர் தாங்க மாட்டார்."

மூன்று வருடமாகச் சத்தம் கேட்டதும் பிள்ளை படலைக்கு ஓடி வருகிறாள் என்று நம்பியிருந்தவர். ஈர முகத்தைப் பார்த்து, வாப்பாவுக்காகக் குளித்திருக்கிறாள் என்று நினைத்தவர். நெஞ்சு உடைந்துபோயிற்று என்றார். அதைச் சொல்லும்போதும் உடைந்துதான் இருந்தது.

அவர் படலையைத் தட்டவில்லை. கியரை எடுத்துவிட்டுக் காரைக் கையால் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு போனார். புதுப் பேரிங் என்பதால் சத்தமில்லாமல் உருண்டது. ஒழுங்கை முனைக்குப் போனதும் ஏறியிருந்து, முகம் கழுவப் போதுமான நேரம் காத்திருந்தார். பிறகு ஹோனை விடாமல் அடித்துக்கொண்டு வந்தார். றுமானா ஈர முகத்தோடு படலையில் சிரித்துக்கொண்டு நின்றாள்.

காரில் ஏறியதும் எதையாவது கதைத்தே ஆக வேண்டும் என்று அவருக்குப் பதறியது. வேறொன்றும் வாயில் வராததால் பேரிங்கைப் பற்றியே தொடங்கினார். பலகை சறுக்கியது, விழுந்தது, சிரட்டைக் கரி, எல்லாம். பிள்ளை ஜன்னல் பக்கம் பார்த்தபடி "ஓம் வாப்பா" என்றாள். ஒலுவில் வரைக்கும் இன்னும் இரண்டு "ஓம் வாப்பா". ஐஸ்கிரீம் பெட்டிக் கதை வந்தபோதுதான் திரும்பினாள்.

"மெய்தானா? ஐஸ்கிரீமுக்குள்ளயா?"

இறங்கும்போது, "வாற கிழமை என்னத்தக் கழட்டப் போறீங்க வாப்பா?" என்று கேட்டாளாம்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் வேப்பமரத்தடியில் தட்டும் சத்தம் கேட்கிறது. போன கிழமை கார்க்கதவொன்றைக் கழற்றிப் பாயில் வைத்திருந்தார்.

"என்ன பழுது?" என்று வேலிக்கு மேலால் கேட்டேன்.

"ஒண்டுமில்ல" என்றார் பஸால். "நாளைக்கு வெள்ளிக்கிழமதானே."