வளைவுப் பாலத்தில் எதிர் லாரி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். லாரி கிளீனராகத் தொடங்கினேன். இன்று என் வண்டிகள் ஓடாத சாலை இல்லை. அப்பேர்ப்பட்ட நான் ஒருவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அவர் லேசுப்பட்ட ஆளாக இருக்க முடியுமா? அவர் என் தங்கை புருஷன், பஸ் டிரைவர். ஊரே அவரை 'ஹாரன்' என்றுதான் கூப்பிடும்.

பூங்காவுக்குள் நிற்கிறதே பழைய காங்கிரீட் வளைவுப் பாலம், அதன் மேல்தான் அவர் காலமெல்லாம் பஸ் ஓட்டினார். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் போகலாம். நடுவில் கூன் விழுந்த பாலம். எதிரே வருவது தெரியாது. ஏற்றம் தொடங்குகிற இடத்தில் நிறுத்தி நீளமாக ஹாரன் அடிப்பார்கள். எதிர்ப்பக்கம் குட்டியாக இரண்டு ஹாரன் கேட்டால், 'நீ வா' என்று அர்த்தம். நான் லாரி ஓட்டிய காலத்தில் ஒருநாளும் குட்டி ஹாரன் அடித்ததில்லை. அவர்தான் சிரித்துக்கொண்டே பஸ்ஸைப் பின்னால் எடுப்பார்.

பிறகு ஆற்றைத் திருப்பிவிட்டு, அந்த இடத்தைப் பூங்காவாக்கினார்கள். பாலத்தை இடிக்க யாருக்கும் மனசு வரவில்லை. தண்ணீர் ஓடிய இடத்தில் இப்போது புல் அலையடிக்கிறது.

போன வருஷம் அவருக்கு ஒரு பக்கம் கை கால் இழுத்துவிட்டது. நடக்காவிட்டால் படுத்த படுக்கைதான் என்றார் டாக்டர். தங்கை பூங்காவுக்குக் கூட்டி வந்தாள். பாலத்தடி வரை வருவார், "பாஆஆம்" என்பார், அப்படியே நின்றுவிடுவார். வேறு பாதையில் காலெடுத்தும் வைக்க மாட்டார். தங்கை அழாத குறையாக என்னை அழைத்து வந்தாள்.

பனி இன்னும் கலையவில்லை. பாலத்தின் பாதியைக் காணோம்.

"ஏறுங்க மாப்ளே. எதிர்ல ஈ காக்கா இல்ல."

"உங்க லாரி நிக்குது மச்சான். நீங்க எப்ப வழி விட்டிருக்கீங்க?"

"கேட்டுக்கோண்ணே!" என்றாள் தங்கை. "இங்கயும் உன் ஜம்பம்தான் குறுக்க நிக்குது."

வளைவுக்கு அடியில் ஈரப் புல்லில் இறங்கி அக்கரைக்கு நடந்தேன். ஆற்றின் அடியில் நடப்பது போலிருந்தது. மேலேறி நின்று, தொண்டையைச் செருமினேன்.

"பாம். பாம்."

ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண் நின்று பார்த்தாள். பார்க்கட்டுமே.

பிறகு பனிக்குள் கூனுக்கு மேலே ஒரு தலை முளைத்தது. இல்லாத ஸ்டீயரிங்கைக் கைகள் பிடித்திருந்தன. இழுத்து இழுத்து, பஸ் இறங்குகிற மாதிரி இறங்கினார். தங்கை பின்னாலேயே பயணி மாதிரி வந்தாள்.

என்னைத் தாண்டும்போது, வழி விட்டவனுக்கு டிரைவர்கள் தூக்குவார்களே, அப்படி ஒரு கையைத் தூக்கினார்.

நானும் தூக்கினேன். ஓரமாக நன்றாகவே ஒதுங்கி நின்றேன். பஸ் அகலம் தெரிந்தவன் அல்லவா நான்.