கன்ட்ரோலரின் இடது பாதி

கன்ட்ரோலரின் இடது பாதி எனக்கு, வலது பாதி அண்ணனுக்கு. ஒரு வீடியோ கேமை அண்ணனும் தங்கையும் ஆளுக்கொரு கையால் விளையாடினோம் என்று சொன்னால் எல்லாரும் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். ஏதோ பாசக் கதை என்று நினைப்பு. அந்த மூன்று மாதமும் எனக்கு வந்தது எரிச்சல் மட்டும்தான்.

அண்ணன் எங்கள் மலையில் உள்ள கோலா தெர்லாவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லோரி ஓட்டிக்கொண்டிருந்தான். மழை விட்ட ஒரு மாலை, வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வரும்போது, லோரிச் சக்கரங்கள் சாலையில் விட்டுப் போன சேற்றில் வழுக்கி விழுந்தான். எலும்பு எதுவும் உடையவில்லை. இடது தோளில் நரம்பு இழுபட்டுவிட்டது என்றார்கள். மலை இறங்கி ஈப்போவில் ஆபரேஷன் செய்தார்கள். பல மாதம் கழித்து அந்தக் கையின் விரல்கள் லேசாக அசைய ஆரம்பித்தன. தானா ராத்தா ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுக்கும் நர்ஸ் மிஸ்ஸி, விரல்களுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால்தான் கை தேறும், இல்லையென்றால் இப்படியே நின்றுவிடும் என்று அவனிடம் மலாயில் ஒரு தடவை, என்னிடம் தமிழில் ஒரு தடவை சொன்னார். அவன் தலையை ஆட்டிவிட்டு வந்தான். வீட்டில் அந்தக் கையை ஒரு தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அதை அவன் திரும்பிப் பார்ப்பதுகூட இல்லை.

கேமை அவன் விபத்துக்கு முன்பே வாங்கியிருந்தான். அதில் வருவது இருண்டு போன ஒரு நாடு. ராஜா செத்துப் பல காலமாகிறது, ஆனால் அவனுடைய படைவீரர்கள் அழுகிய உடம்போடு இன்னும் காவல் நிற்கிறார்கள். நாம் துருப்பிடித்த கவசம் போட்ட ஒரு வீரன். எதிரே வருகிறவன் எவனாக இருந்தாலும் நம்மைக் கொல்லத்தான் வருகிறான். ஒரு தப்பு செய்தால் செத்தோம். செத்தால் எங்கோ தூரத்தில் ஒரு விளக்கடியில் எழுந்து, சதுப்பு, இடிந்த பாலம், படிக்கட்டு என்று வந்த வழியெல்லாம் மறுபடியும் ஓடி வர வேண்டும். நடுவில் நிறுத்தி வைக்கவும் முடியாது. இதைப் பொழுதுபோக்கு என்று யார் பெயர் வைத்தார்களோ தெரியவில்லை.

படிக்கட்டின் உச்சியில் ஒரு ராட்சசன் நிற்பான். கையில் நீளமான கம்பு, கம்பின் நுனியில் ஒரு பெரிய மணி. அதைச் சுழற்றி அடித்தால் வீரன் சுவரில் போய் ஒட்டிக்கொள்வான். தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்த அம்மா ஒரு நாள் அவனைப் பார்த்துவிட்டு, கம்பை வைத்துக்கொண்டு இப்படி விரட்டுகிறானே, தோட்டத்துக் கங்காணியா என்று கேட்டாள். அன்றிலிருந்து அவன் பெயர் கங்காணி. அண்ணன் இரண்டு கையும் நன்றாக இருந்தபோதே அவனிடம் மாட்டிக்கொண்டு நின்றவன். விபத்துக்குப் பிறகு ஒற்றைக் கையால் டிவியைப் போட்டு, கங்காணி நிற்கும் இடத்தைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். அதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் ஒரு நாள், கொடு, நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், அடிப்பதை நீ பார்த்துக்கொள் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். சும்மா இருந்திருக்கலாம்.

அவனுடைய இடது பக்கம் ஒட்டி உட்காருவேன். தலையணைமேல் கிடக்கும் அவன் கைக்கு மேலே கன்ட்ரோலர். வீரனை நடக்கவைக்கும் குமிழும் கேடயம் தூக்கும் பொத்தானும் என் கையில். வாள் வீசுவதும் உருண்டு தப்பிப்பதும் அவன் கையில். உருளுவதற்கு அவன் பொத்தானை அமுக்கும் அதே நொடியில் எந்தப் பக்கம் என்று நான் குமிழைத் தள்ள வேண்டும். அவன் அமுக்குவான், நான் அரை நொடி கழித்துத் தள்ளுவேன், வீரன் சரியாக மணிக்கு அடியில் போய் உருளுவான். உடனே ஆரம்பித்துவிடுவான்: உன் கட்டை விரல் லேட்டு, உன் கட்டை விரல் தூங்குது, மாட்டு வண்டி ஓட்டுற விரலை வச்சுக்கிட்டு என் உயிரை வாங்குற. நான் எந்தக் காலத்தில் மாட்டு வண்டி ஓட்டினேன் என்று கேட்டால் அதற்கும் சேர்த்துத் திட்டு.

எங்கள் வீடு எஸ்டேட் லைனில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்று. பகலில் யாரும் கதவைச் சாத்துவது கிடையாது. கங்காணி பாதி உயிரோடு இருக்கும்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா தீமிதிக்கு வேன் ஏற்பாடு செய்வதைப் பற்றிப் பேச வந்து உட்காருவார். கொஞ்சம் இருங்கக்கா என்று சொல்லி அவர் முகத்தைப் பார்க்காமல் டிவியைப் பார்க்க முடியுமா? எழுந்து தேத்தண்ணி கலக்கப் போவேன். திரும்பி வரும்போது வீரன் செத்திருப்பான், அண்ணன் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். அக்கா இல்லாத நாளில் மழை வரும், கொடியில் துணி கிடக்கும். மழை பெரிதானால் கரண்டே போய்விடும்.

இதையெல்லாம் சகித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. ஈப்போவில் ஒரு பல் கிளினிக்கில், அங்கேயே தங்கிச் செய்ய, எனக்கு வேலை கிடைத்திருந்தது. அதுவரை நான் பிரிஞ்சாங் டவுனில், சுற்றுலா வருகிறவர்களுக்கு ஸ்ட்ராபெரியும் அவித்த சோளமும் விற்கிற கடையில் காலையிலிருந்து மத்தியானம் வரை நிற்கிறவள். கிளினிக் டாக்டரம்மா வேலையும் கற்றுத் தந்து, மாலையில் படிக்கவும் விடுகிறேன் என்றார். எனக்கு இருபத்தாறு வயது. இதை விட்டால் இன்னொன்று வராது என்று எனக்கு நன்றாகத் தெரியும். வேலை கிடைத்த செய்தியைச் சொன்னபோது அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து, கங்காணியைக் கொன்றுவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். அவன் வலது கையை நீட்டிச் சத்தியம் கேட்டான். நானும் அடித்துக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கொன்றுவிடலாம் என்று நினைத்தது மாதக்கணக்கில் இழுத்தது. டாக்டரம்மா போன் செய்யும்போதெல்லாம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு மணிக்காரப் பூதம் இன்னும் சாகவில்லை, அதனால் வர முடியவில்லை என்று ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? கடையில் ஆள் இல்லாத நேரத்தில் சோளக்கதிரின்மேல் கட்டை விரலை வைத்து இடது வலது என்று தள்ளிப் பழகினேன். முதலாளி ஒரு மாதிரியாகப் பார்த்தார். விரல் தேறிவிட்டது. உருளுவது சரியாக வந்தது. திரையில் கங்காணியின் மிச்ச உயிரைக் காட்டும் கோடு கடைசித் துணுக்குவரை இறங்கியது, அதுவும் பல தடவை. அந்தத் துணுக்கு மட்டும் தீரவே இல்லை. ஒவ்வொரு தடவையும் உன் விரல்தான் என்றான், நானும் நம்பினேன்.

அப்புறம் டாக்டரம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது. திங்கட்கிழமை வருவதாக இருந்தால் வா, இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அண்ணனிடம் அதை அப்படியே சொன்னேன். அவன் டிவியைப் பார்த்துக்கொண்டே, அப்ப இன்னைக்கு முடிச்சிருவோம் என்றான்.

அன்றைக்கு மழை இல்லை, அக்கா வரவில்லை. நாங்களும் நன்றாகவே ஆடினோம். சரமாரியாக அடி வாங்கிய கங்காணி ஒரு கட்டத்தில் மண்டி போட்டுவிடுவான். நெஞ்சு திறந்திருக்கும். வீரனை நெஞ்சுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்துவது என் வேலை, அடிக்கும் பொத்தானை ஒரு தடவை அமுக்குவது அவன் வேலை. அவ்வளவுதான், முடிந்துவிடும். நான் கொண்டுபோய் நிறுத்தினேன். என் விரல்தானே எப்போதும் கெட்டது, நல்ல விரல் எப்படித்தான் வேலை செய்கிறது பார்ப்போம் என்று டிவியை விட்டுவிட்டு அவன் கையைப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் பொத்தானின்மேல் இருந்தது. அது அசையவே இல்லை. கங்காணி எழுந்தான், மணி சுழன்றது, வீரன் சுவரில் ஒட்டிக்கொண்டான்.

“விரல் லேட்டு,” என்றான் அண்ணன்.

“நீ அமுக்கல.”

சறுக்கிவிட்டது என்றான். வேர்வை என்றான். நான் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை மாதமாக அந்தக் கடைசித் துணுக்கு ஏன் தீரவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவனும் எனக்குப் புரிந்துவிட்டதைப் பார்த்துவிட்டான்.

“அமுக்குனா நீ போயிருவல்ல,” என்றான்.

இந்த இடத்தில் நான் கண் கலங்கியிருக்க வேண்டும். எனக்கு வந்தது கோபம். என் விரலை வாய் கூசாமல் திட்டினாயே, ஒரு டாக்டரிடம் அம்மாவுக்கு இல்லாத வியாதியெல்லாம் சொல்லவைத்தாயே, சோளத்தைத் தடவிக்கொண்டு நின்றேனே என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் தலையணையின் ஓரத்தை நிமிண்டிக்கொண்டிருந்தான். பாவமாக இருந்தது, அது கோபத்தை இன்னும் கூட்டியது. கடைசியில் அவன், வா, இந்தத் தடவை சத்தியமா அமுக்குறேன் என்றான். நானும் உட்கார்ந்தேன். அவனை நம்பி உட்காரவில்லை. என் பங்கு வேலையை முடித்துவிட்டு எழுந்திருக்க வேண்டும் என்கிற வீம்பு.

சதுப்பு, பாலம், படிக்கட்டு. பேசாமல் ஆடியதாலோ என்னவோ, அவ்வளவு நன்றாக நாங்கள் ஒருநாளும் ஆடியதில்லை. கங்காணி மண்டி போட்டான். அண்ணன் விரல் பொத்தானில் இறங்குவதை நான் பார்த்தேன். வீரன் வாளை வீசினான். ஆனால் அது கங்காணிமேல் படவில்லை, காற்றைத்தான் வெட்டியது. வீரன் இரண்டடி பின்னால் நின்றுகொண்டிருந்தான். பின்னால் இழுத்தது என் கட்டை விரல். நான் இழுக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. தினமும் கிளம்ப வேண்டும் கிளம்ப வேண்டும் என்று துடித்தவள் நான்தான், அந்த விரலும் என்னுடையதுதான்.

திரை கறுத்தது. அவன் திட்டுவான் என்று காத்திருந்தேன். அவன் என் விரலைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். இப்படியே விட்டால் இவன் ஒரு நாள் அமுக்க மாட்டான், நான் ஒரு நாள் இழுத்துவிடுவேன், கங்காணி எங்கள் இருவரையும்விட நீண்ட நாள் வாழ்வான் என்று எனக்குப் பட்டது. எழுந்து போய் போனை எடுத்து, அவன் கேட்கும்படியே டாக்டரம்மாவிடம் பேசினேன். திங்கட்கிழமை வந்துவிடுகிறேன், இந்தத் தடவை கண்டிப்பாக என்றேன். அவர் சரி என்று மட்டும் சொன்னார்.

போனை வைத்ததும் அண்ணன் கேட்டான். குரலில் கோபம் இல்லை, அழுகை இல்லை. கடைக்குப் போகிறவளிடம் சாமான் கேட்பது மாதிரிதான் கேட்டான்.

“அப்ப நடக்குறது யாரு?”

“உனக்குக் கை இருக்குல்ல.”

இரக்கமில்லாமல் சொல்லிவிட்டேன். அவன் வலது கையால் இடது கை மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கி, கன்ட்ரோலரின் இடது பாதிமேல் கொண்டுவந்து வைத்தான். கட்டை விரலைக் குமிழின்மேல் எடுத்து வைத்தான். அது வழுக்கி விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தான். மறுபடியும் விழுந்தது. என் கை தானாக நீண்டது. அவன் முறைத்தான், நான் கையை இழுத்துக்கொண்டேன்.

அடுத்த தடவை விரல் நின்றது. வீரன் விளக்கடியிலிருந்து தள்ளாடிக்கொண்டு நாலைந்து அடி நடந்து, நேராகப் போய்ச் சதுப்பில் விழுந்து செத்தான். அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு விரலை மறுபடி எடுத்து வைத்தான். நான் அதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.