என் முப்பத்தொன்பதும் அவன் நூற்றொன்றும்

பிறருடைய வீட்டையோ சம்பளத்தையோ பார்த்து நான் அதிகம் வயிறெரிந்ததில்லை. ஒருவனுடைய காய்ச்சலைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

அப்போது சாலைக் கடைவீதியில் ஓர் அரிசி மண்டியில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திருப்பூர், மங்களூர், ஆலுவா என்று சுற்றியவன் ஒரே ஊரில் இரண்டு வருடம் தங்கியது திருவனந்தபுரத்தில்தான். காரணம் சாப்பாடு. நான் தங்கிய அறைக்குக் கீழே மெஸ் நடத்திய நாகர்கோவில் அக்கா, கேட்காமலே எனக்கு மீனின் நடுத்துண்டை வைப்பார். பிறகு தென்காசிப் பக்கத்திலிருந்து ஒருவன் வேலைக்கு வந்து என் அறையில் சேர்ந்தான். சிரிக்கத் தெரிந்தவன். ஒரு வாரத்தில் நடுத்துண்டு அவன் தட்டுக்குப் போய்விட்டது.

கோடை மழை இரண்டு நாள் பெய்து ஓய்ந்த வாரத்தில் இருவருக்கும் ஒரே காலையில் காய்ச்சல் கண்டது. அவன் பாயில் சுருண்டு "அக்கா, அக்கா" என்று முனகினான். நான் முனகவில்லை. கேட்க ஆளில்லாத ஊர்களில் படுத்துப் படுத்து அந்தப் பழக்கம் போய்விட்டது. அக்கா தன்னுடைய பழைய பாதரசத் தெர்மாமீட்டரோடு வந்து, முதலில் அவன் நாக்கடியில் வைத்தார்.

"நூத்தியொண்ணு! ஐயோ மக்கா, கொதிக்குல்லா!"

அடுத்து எனக்கு. பாதரசத்தை இறக்க உதறியபோது அது கதவு நிலையில் பட்டு உடைந்தது. முதலில் எனக்கு வைத்திருந்தால் உடைந்திருக்காது என்று இன்றும் நினைக்கிறேன். மேல்மாடி வீட்டுக்காரர்களிடம், அவர்கள் மகள் வளைகுடாவிலிருந்து அனுப்பிய, பொத்தானை அழுத்தினால் எண் காட்டும் தெர்மாமீட்டர் ஒன்று இருந்தது. அதை வாங்கி என்னிடம் கொடுத்துவிட்டு, அக்கா குழம்பைப் பார்க்க இறங்கிப் போனார். திரும்பி வந்தபோது கை முழுக்க மசாலா. வாசலில் நின்றே கேட்டார்.

"எத்தன மக்கா?"

"முப்பத்தொம்பது புள்ளி நாலு."

"அவ்வளவுதானா? வெளியிலயே முப்பத்தாறுன்னு டிவியில சொல்லுகான். உனக்கு வெயிலவிட மூணு டிகிரிதான் கூட. வெந்நி குடி, செரியாயிரும்."

நானும் நம்பினேன். வெயில் என்றால் முப்பதுகளில் இருக்கும், காய்ச்சல் என்றால் நூறைத் தாண்டும். வெயிலுக்கு ஒரு கணக்கும் உடம்புக்கு இன்னொரு கணக்கும் வைத்திருக்கிறோம் என்பது எங்கள் மூவரில் யாருக்கும் தோன்றவில்லை. அக்கா ஆட்டோ பிடித்து அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். அவன் கழுத்துக்கு அணைவாக என் தலையணையும் போனது.

மத்தியானம் எழுந்து நின்றால் அறை சுற்றியது. வெறும் முப்பத்தொன்பதுக்கு இப்படியா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கடைகளின் ஷட்டரைப் பிடித்துப் பிடித்துப் பழவங்காடி வரை நடந்து, ஒரு மருந்துக்கடையில் மாத்திரை கேட்டேன். எவ்வளவு காய்ச்சல் என்று கடைப்பெண் கேட்டாள். சொன்னேன்.

"சேட்டா, அது செல்சியஸ் ஆணு!" கைபேசியில் கணக்குப் போட்டு என் பக்கம் திருப்பினாள். "பாரன்ஹீட்டில் நூற்றிமூணு. வேகம் ஆசுபத்திரியில் போ!"

நியாயமாக எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். நான் கழித்துப் பார்த்தேன். அவனைவிட இரண்டு கூட. மாத்திரையை மறந்து, அந்த எண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, அவர்கள் போன ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ ஏறினேன்.

வார்டில் அக்கா அவனுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். சீட்டை நீட்டினேன்.

"எனக்கு நூத்திமூணு."

அவன் படுத்தபடியே சிரித்தான். "என்னவே, காய்ச்சல்லயும் போட்டியா?"

அக்கா என் கழுத்தில் புறங்கையை வைத்தார். வைத்ததும் முகம் மாறிவிட்டது. "பாவி மக்கா, ஏன் சொல்லல்ல?"

"சொன்னேனே. முப்பத்தொம்பதுன்னு."

என்னையும் பக்கத்துக் கட்டிலில் போட்டு ஊசி குத்தினார்கள். இருவருக்கும் டெங்கு. அந்த வார்டில் நர்ஸ் எழுதியதெல்லாம் செல்சியஸ்தான். அக்கா விடவில்லை.

"அத வெயிலுக்கும் மழைக்கும் வச்சுக்கிடுங்க சிஸ்டர். மனுசனுக்கு நூறுதான் கணக்கு. நூறத் தாண்டுனா காய்ச்சல், தாண்டலன்னா இல்ல. முப்பத்தேழு முப்பத்தெட்டுன்னா எவன் பயப்படுவான்?"

"முப்பத்தேழு கழிஞ்ஞால் பேடிக்கணும் சேச்சி, அத்ரயேயுள்ளூ," என்று நர்ஸ் சிரித்தாள். முப்பத்தேழைத் தாண்டினால் பயப்பட வேண்டும், அவ்வளவுதான் என்கிறாள்.

எனக்கு நூறும் வேண்டாம், முப்பத்தேழும் வேண்டாம். அக்காவின் ஸ்டூல் எந்தக் கட்டிலை ஒட்டி இருக்கிறது என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் அவன் பக்கம் இருந்தது. இரண்டாம் நாள் என் பக்கம் வந்தது. அக்கா என் நெற்றியில் ஈரத்துணி போட்டு, எந்த ஊரில் பிறந்தேன், வீட்டில் யார் யார் என்று விசாரித்தார். இரண்டு வருடத்தில் அதுதான் முதல் தடவை. அவன் கண்ணை மூடியிருந்தான். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நான்காம் நாள் காலை நர்ஸ் என் கையிடுக்கிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். முப்பத்தாறே முக்கால். ரத்தமும் சரியாகிவிட்டது, போகலாம் என்றாள். அவனுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை.

"நீ ரூமுக்குப் போய்ப் படு மக்கா," என்று அக்கா ஸ்டூலை அந்தப் பக்கம் இழுத்துப் போட்டார். "இவனுக்குச் செரியாவட்டும், நான் நிக்கேன்."

"இன்னொரு தடவ வச்சுப் பாருங்க சிஸ்டர்," என்றேன்.

வைத்தாள். அதே எண்தான்.

"பாரன்ஹீட்டுல எவ்வளவு?"

"அதிலும் நார்மல்தன்னே சேட்டா," என்றாள் நர்ஸ். நான் சட்டையை மாட்டிக்கொண்டேன்.