டெல்மரின் சாண வண்டி

நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தா என்று மார்லிஸ் கேட்டாள். அவள் கணவன் டெல்மருக்கு வரும் மாதம் எழுபது வயது நிறைகிறது. தேவாலயத்து அடித்தள மண்டபத்தில் விருந்து வைத்து அங்கே வாசிக்கப் போகிறார்களாம். நானும் இரண்டு நாள் யோசித்தேன். நேரத்துக்கு எழுந்துவிடுவான், முப்பத்தாறு வருடம் பால் லாரி ஓட்டியும் சொட்டுச் சிந்தவில்லை. இத்தோடு நல்லது தீர்ந்துவிட்டது. மீதியை உள்ளபடி எழுதுகிறேன், மார்லிஸ் வேண்டாததை வெட்டிக்கொள்ளட்டும்.

டெல்மரைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் வேட்டை முகாமைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு விஸ்கான்சினில் ஆறு பேர் சேர்ந்து வாங்கிய காடு. நடுவில் ஆறு கட்டில் போட்ட ஒரு மரவீடு, வெளியே ஒற்றைக் கழிப்பறை. நவம்பரில் ஒன்பது நாள் துப்பாக்கியோடு மான் வேட்டை. குறி தவறியவனுக்கு எங்களிடம் ஒரே தண்டனைதான்: சட்டையின் பின்வாலை வெட்டி, பேரும் வருடமும் எழுதி, சுவரில் ஆணியடிப்போம். என்னுடையது நான்கு தொங்குகிறது. மார்லிஸின் தம்பி ஹார்லனுடையது ஏழு. டெல்மருடையது ஒன்றுகூட இல்லை. அதை அவன் வாரம் ஒரு முறையாவது எங்களுக்கு நினைவூட்டுவான், ஈஸ்டர் வாரம் உட்பட.

மானுக்காகக் காத்து அவன் உட்காரும் பரண், தேவதாருச் சதுப்பைத் தாண்டி, மரவீட்டிலிருந்து ஒன்றேகால் மைல் தள்ளி இருக்கிறது. மூன்று படி ஏறினால் ஒரு பலகை அறை, உள்ளே பழைய சமையலறை நாற்காலி ஒன்று. காட்டிலேயே நல்ல இடம் அதுதான். முதல் நாள் விடிந்து மரப்பட்டை கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் ஒரு பரணில் உரியவன் இல்லையென்றால், யார் அங்கே உட்கார்ந்திருக்கிறானோ அவனுக்கே அது சொந்தம் என்பது முகாமின் சட்டம். இருபது வருடமாக அந்த நாற்காலி மேல் ஹார்லனுக்குக் கண்.

இப்படி இருக்கும்போதுதான் டெல்மருக்கு இடுப்பு மூட்டு போயிற்று. அறுவை சிகிச்சைக்காக ஒரு வருடம் அந்தச் சட்டத்திலிருந்து விலக்குக் கொடுத்து, அவனைச் சமையலுக்கு வைத்தோம். உருளைக்கிழங்கு வெளியே கரி, உள்ளே பச்சை. எங்கள் ஆறு பேரில் ஒருவனான நார்ம் பீன்ஸைக் கடித்து ஒரு பல்லையே இழந்தான். மூன்றாம் நாள் எங்கள் ஐந்து பேருக்கும் அந்த ஒற்றைக் கழிப்பறை போதவில்லை.

ஆனாலும் ஹார்லன் சொன்னான்: "உனக்கு எதுக்கு மச்சான் இந்த வயசுல காட்டுல நொண்டிக்கிட்டு? அடுப்புப் பக்கம் கதகதன்னு இரு. பரணை நான் பாத்துக்கறேன்."

"உன் பின்புறம் அந்த நாற்காலியில பட்டுச்சுன்னா, நாற்காலிய எரிச்சிட்டுத்தான் மறுவேலை பாப்பேன்" என்றான் டெல்மர்.

அடுத்த நவம்பருக்குள் பரணுக்குப் போக ஒரு வழி வேண்டும், இல்லையென்றால் ஆயுசுக்கும் சமையல்காரன். நடந்து போக முடியாது. அப்படித்தான் பழைய காட்டு வண்டி ஒன்று வாங்கும் எண்ணம் வந்தது. ஜீப்புக்கும் டிராக்டருக்கும் பிறந்த பிள்ளை மாதிரி இருக்குமே, இரண்டு இருக்கையும் பின்னால் ஒரு தொட்டியுமாக, அதுதான். நான் புல்வெட்டி, பனிவண்டி எல்லாம் பழுது பார்ப்பவன் என்பதால் என்னையும் இழுத்துக்கொண்டு போனான்.

முதல் வண்டி பளபளவென்று இருந்தது. டயருக்குக்கூட மெருகு போட்டிருந்தான் விற்கிறவன். "ஒரு வயசான அம்மா தபால்பெட்டி வரைக்கும் ஓட்டினதுங்க" என்றான். டெல்மர் மயங்கி, கையைப் பையில் விட்டுவிட்டான். நான் தரையில் படுத்து அடித்தகட்டின் உள்ளே விரலை விட்டுத் துழாவினேன். காய்ந்த சதுப்புச் சேறு, பாசியோடு கட்டியாக வந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளும் வண்டல். பெல்ட் மூடியைத் திறந்தால் கருகிய நெடி.

"அந்த அம்மா தபால்பெட்டிய குளத்துக்கு அடியில வச்சிருந்தாங்களா?" என்று கேட்டேன். அவன் நாயைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

இரண்டாவதில், இன்ஜின் ஓடியதாக மீட்டர் காட்டிய மணிநேரம் குறைவுதான். முன்சக்கரத்தைத் தூக்கி ஆட்டினேன், ஆடுகிற பல் மாதிரி ஆடியது. பனி தள்ளும் கலப்பையை மாட்டி எட்டுக் குளிர்காலம் ஓட்டியிருக்கிறார்கள். குறைந்த மணிநேரமானாலும் ஒவ்வொரு மணியும் சுவரில் முட்டிய மணி.

மூன்றாவது ஆர்டிஸ் அம்மாவின் பண்ணையில் இருந்தது. எண்பது வயதுக் கிழவி கன்றுகளுக்குத் தீனி கொண்டுபோன வண்டி. ஆயிரத்து இருநூறு மணி ஓடியது, இருக்கை கிழிசல், தொட்டி முழுக்கச் சாணம். டெல்மர் மூக்கைப் பிடித்துக்கொண்டான். நான் கிரீஸ் அடிக்கும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் புதுக் கிரீஸ். மூடியின் உள்புறத்தில் பெல்ட் மாற்றிய தேதிகள் மையால் வரிசையாக எழுதியிருந்தன. சூடு ஆறியிருந்த இன்ஜின் முதல் திருகலில் பிடித்தது.

"எலி ஒண்ணுதாம்ப்பா இதுக்கு எதிரி" என்றாள் ஆர்டிஸ். "சும்மா நிறுத்தி வச்சா காத்துக்குழாய்க்குள்ள கூடு கட்டிடும். துணிய வச்சு அடைச்சிடு. அடைச்சா உடனே இந்த நாடாவ ஸ்டியரிங்குல கட்டிடு. இல்லன்னா துணிய எடுக்க மறந்துடுவ." ஸ்டியரிங்கில் ஆரஞ்சு நிற நாடா ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"எனக்கு மறதி எல்லாம் இல்லம்மா" என்று சொல்லி, டெல்மர் அந்த நாடாவை அவள் கண்ணெதிரிலேயே கத்தரித்து எறிந்தான்.

வண்டி வந்தபிறகு அவன் ஆளே மாறிப்போனான். விறகு ஏற்றிவரச் சொன்னாள் மார்லிஸ். "இது வேட்டை வண்டி" என்று மறுத்துவிட்டான். ஆயில் மாற்றினான், பெல்ட் மாற்றினான், பழைய பெல்ட்டை அவசரத்துக்கென்று இருக்கைக்கு அடியில் கட்டி வைத்தான், பேட்டரிக்குத் தினமும் மின்சாரம் கொடுத்தான். சாண நாற்றத்தை மட்டும் கழுவ நான் விடவில்லை. மான் மாட்டுக்குப் பயப்படாது, சோப்புக்குத்தான் பயப்படும். செய்த ஒவ்வொரு வேலையையும் ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதினான்.

"நாலு பிரசவத்துக்கும் நான் எந்த மாத்திரை தின்னேன்னு இவருக்குத் தெரியாது" என்றாள் மார்லிஸ். "இந்தச் சாண வண்டிக்கு ஜாதகமே எழுதுறாரு."

அக்டோபர் கடைசியில் வண்டியை முகாமுக்குக் கொண்டுபோய்க் கொட்டகையில் நிறுத்திவிட்டு வந்தான்.

முதல் நாள் காலை ஆறு மணிக்கு நாங்கள் இருவரும் கிளம்பினோம். என் பரண் அவனுடையதுக்கு இந்தப் பக்கம் என்பதால் என்னையும் ஏற்றிக்கொண்டான். துப்பாக்கிகள் உறைக்குள், தலையில் ஆரஞ்சுத் தொப்பி, அவன் முகத்தில் இளவரசர் களை. அரை மைல் நன்றாகத்தான் போனது. சதுப்பை ஒட்டிய மேட்டில் வண்டி இருமியது, திணறியது, நின்றுவிட்டது. திரும்பத் திருகினால் பிடிக்கிறது, மேட்டில் அழுத்தினால் செத்துப்போகிறது.

"ஹார்லன்!" என்று கத்தினான் டெல்மர். "பெட்ரோல்ல தண்ணி ஊத்தியிருக்கான்! எனக்கு அப்பவே தெரியும்!"

கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. அவன் இறங்கி நாலு அடி நடந்து பார்த்தான். பனியில் புது இடுப்பு வழுக்கியது, வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். முக்கால் மைல் இன்னும் பாக்கி. தொப்பியைக் கண் மறையும் வரை இழுத்துவிட்டுக்கொண்டான். குளிர் என்று அவன் சொல்வான், அது குளிர் இல்லை.

புகைக்குழாயை முகர்ந்தேன். பெட்ரோல் நெடி தூக்கலாக அடித்தது. "தண்ணி இல்லப்பா. வண்டிக்கு மூச்சு வரல" என்று சொல்லி, இருக்கைக்குப் பின்னால் காற்றுக்குழாய்க்குள் கையை விட்டேன். துணி தட்டுப்பட்டது. இழுத்தால் சிவப்பும் கறுப்பும் கட்டம் போட்ட கம்பளிச் சட்டைவால் ஒன்று வந்தது. அதில் எழுதியிருந்தது: ஹார்லன், 1994.

"பாத்தியா! பாத்தியா! தன் பேரோட திணிச்சிருக்கான் மடையன்!" டெல்மர் குதிக்க முடியாத இடுப்போடு குதிக்கப் பார்த்தான். "நான் இந்த வண்டிக்கு என்னென்ன செஞ்சேன், எதையாவது விட்டேனா? இந்தா, நோட்டு. நீயே படி. சத்தமாப் படி!"

கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். அவன் கையெழுத்துதான். சத்தமாகவே படித்தேன். "அக்டோபர் 26. கிரீஸ் பதினாலு இடம். டயர் காற்று சரி. எலிக்காகக் காற்றுக்குழாயில் துணி. சுவரில் இருந்து ஹார்லனின் துணி. ஹா ஹா."

அவன் என் கையிலிருந்து நோட்டை மெதுவாக வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

"வண்டிய எடு" என்றான். நான் ஓட்டினேன். என் பரணில் நான் இறங்கவில்லை, இந்த நாடகத்தை விட்டுவிட்டு எந்த மானைப் பார்ப்பது?

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மரப்பட்டை நன்றாகவே தெரிந்தது. பரணுக்குள் சமையலறை நாற்காலியில் ஹார்லன் உட்கார்ந்திருந்தான். சட்டப்படி எல்லாம் முடிந்தது. வண்டியை அணைத்தேன்.

டெல்மர் இறங்கி, படியைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு பொய் போதும் அவனுக்கு. துணியைக் காட்டி, நீதான் சதி செய்தாய் என்றால், முகாமில் பாதிப்பேர் நம்பியிருப்பார்கள். ஏழு துணிக்காரன் பேச்சு எடுபடாது. டெல்மர் சட்டைப்பையில் இருந்து நோட்டை எடுத்தான், துணியோடு சேர்த்து மேலே நீட்டினான்.

"நாந்தான்டா" என்றான். "எலிக்கு வச்சேன். எடுக்க மறந்துட்டேன். வழியெல்லாம் உன்னைத்தான் திட்டிக்கிட்டு வந்தேன்."

ஹார்லன் படித்தான். 'ஹா ஹா' வந்த இடத்தில் அவன் வயிறு குலுங்கியது. பிறகு துப்பாக்கியை எடுத்துக்கொண்டு மூன்று படியும் இறங்கிவந்தான்.

"ஏறு மச்சான். வெளிச்சம் வருது, உன்னக் காணோம். நார்ம் இந்தப் பக்கம் வர்றத டார்ச் வெளிச்சத்துல பாத்தேன். அவன் பிடிச்சுக்கக் கூடாதுன்னுதான் ஓடிவந்து உக்காந்தேன்."

"உனக்குத்தானே இது வேணும்? இருபது வருஷமாக் கேட்ட."

"வேணும்தான். ஆனா நீ இங்க உக்காரலன்னா அங்க அடுப்புல நிப்ப. அந்த பீன்ஸ இன்னொரு வருஷம் தின்ன என் உடம்பு தாங்காது. ஏறு. கைய என் தோள்ல போடு."

டெல்மர் கையைப் போட்டான். ஒவ்வொரு படியாக ஏற்றி, ஹார்லன் அவனை நாற்காலியில் உட்கார வைத்தான். டெல்மரின் கண் கலங்கியது என்று எழுதினால் விருந்திலேயே என்னை உதைப்பான். கலங்கியது, மார்லிஸ். உன் தம்பிக்கும்தான்.

அந்தச் சத்தத்துக்கு எந்த மான் வரும்? சாயங்காலம் வரை ஒரு அணில்கூட அவன் கண்ணில் படவில்லை. இருட்டு கட்டியதும் முகாமுக்குத் திரும்பினோம். ஹார்லன் கதையைச் சொல்லி முடித்ததும், நார்ம் கத்தரிக்கோலைத் தேடினான். குண்டே சுடாதவனுக்குத் தண்டனை உண்டா என்று பத்து நிமிடம் வாதம் நடந்தது. டெல்மரே எழுந்து, சட்டையை வெளியே இழுத்துவிட்டு, ஹார்லனுக்கு முதுகைக் காட்டி நின்றான்.

"பாத்து வெட்டுடா. போன மாசம்தான் உங்கக்கா வாங்கிக் குடுத்தா."

துணியில் ஹார்லன் எழுதினான்: டெல்மர். தவறவிட்டது, தானே திணித்த துணி.

"எங்க அடிக்கறது?" என்று சுத்தியலோடு கேட்டான் நார்ம். தனியாக அடிக்கலாம், கதவுக்கு மேல், எல்லோரும் பார்க்கிற மாதிரி என்றான்.

டெல்மர் சுவரைப் பார்த்தான். 1994 இருந்த இடத்தில் வெறும் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது. காற்றுக்குழாயில் கசங்கிய அந்தத் துணியைத் தொடையில் வைத்துத் தேய்த்து நிமிர்த்தி, தன்னுடையதையும் அதோடு சேர்த்து நார்மிடம் கொடுத்தான்.

"ரெண்டையும் ஒரே ஆணியில அடி" என்றான்.