பாம்பன் பாலத்து ஏற்றமும் ஒரு பேரல் விமான எண்ணெயும்

வண்டிகளில் பாதி தேய்ந்து கெடுகின்றன, மீதிப் பாதி யாருக்காவது ஒரு யோசனை வந்து கெடுகின்றன. என் கொட்டகைக்கு வருபவை பெரும்பாலும் இரண்டாவது வகை. மண்டபத்தில், பாம்பன் பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால், ராத்திரி மட்டும் திறந்திருக்கிற மெக்கானிக் கடை என்னுடையது. யாரிடமும் தொழில் படித்தவனில்லை. கழற்றிப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் முழித்து, பழைய விளக்கப் புத்தகங்களை எழுத்துக் கூட்டிப் படித்துத் தேறியவன். தூக்கம் வராத ஆளுக்கு ராத்திரி வேலை தோதாக இருந்தது. அப்படியே வயதும் போய்விட்டது. வண்டி வைத்திருப்பவர்களும், வண்டி வைத்திருப்பவரைக் கட்டிக்கொண்டவர்களும் படுகிற பாடு உங்களுக்கும் தெரியும். இது ஒரு சனிக்கிழமை ஆரம்பித்துத் திங்கட்கிழமை முடிந்த பாடு.

சத்தமில்லாமல் வந்த வேன்

சனிக்கிழமை நன்றாக விடிந்துவிட்டது. ஷட்டரை இறக்கப் போனேன். பாலத்து இறக்கத்தில் ஒரு பழைய வேன், இஞ்சின் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து என் வாசலில் நின்றது. ஸ்டியரிங்கில் பிலோமினா. தங்கச்சிமடத்துக்காரி, வேன் வாங்கிய நாளிலிருந்து என்னிடம்தான் காட்டுகிறாள். பக்கத்து சீட்டில் அவள் புருசன் அந்தோணி, வள்ளத்தில் மீனுக்குப் போகிறவன்.

தீவிலிருந்து மண்டபத்துப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் வேலை பிலோமினாவுக்குக் கிடைப்பதாக இருந்தது. அவள் தெருவில் வேன் ஓட்டுகிற முதல் பொம்பளை அவள்தான், தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வேனைக் கொண்டுவந்து ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் வேறு ஆளுக்குப் போய்விடும். அதற்கு ஒத்திகை பார்க்க வந்த இடத்தில்தான், பாலம் ஏறும்போது இஞ்சின் கடகடவென்று அடித்து, வெள்ளையாகப் புகைந்து, உச்சியில் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் இறங்கித் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

புகைக்குழாயில் மூக்கை வைத்துப் பார்த்தேன். "டாங்குல என்ன ஊத்துனீங்க?" என்றேன். அந்தோணி பாலத்தைப் பார்த்தான். பிலோமினா சொன்னாள்: "அந்த மனுசன்கிட்டயே கேளுங்கண்ணே. நான் வேன் ஓட்டுறதா நெனச்சேன், அவரு அதை வள்ளமா மாத்தி வச்சிருக்காரு."

அந்தோணியின் கணக்கு

எங்கள் கரையில் வள்ளத்து மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்புவார்கள். சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டே செய்கிற வேலை அது. போன வாரம் தனுஷ்கோடிப் பக்கம் வலை போட்டிருந்தபோது ஒரு பேரல் மிதந்து வந்திருக்கிறது. எழுத்தெல்லாம் உப்பில் போய், ஒரு விமானப் படம் மட்டும் மிச்சம். உள்ளே தண்ணீர் மாதிரித் தெளிந்த எண்ணெய், மண்ணெண்ணெய் வாசம். வள்ளத்தில் ஊற்றினான், மூன்று நாள் அருமையாக ஓடியது. பொண்டாட்டி வேனுக்கும் செய்தால் என்ன என்று, சீட்டுக்கு அடியில் ஒரு சின்னக் கேனில் பெட்ரோல், டாங்கில் விமான எண்ணெய், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிவிட நடுவில் ஒரு திருகு. குழாய் இழுத்திருந்த நேர்த்தியைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

"ஏலே, வள்ளத்து மோட்டாரு மண்ணெண்ணெய்க்குன்னே செஞ்சது, அமுக்கம் கம்மி" என்றேன். வேன் இஞ்சின் இறுக்கி அமுக்கும். அந்த அமுக்கத்தில் இந்த எண்ணெய் நேரத்துக்கு முன்னாலேயே பற்றிக்கொள்ளும். அதுதான் கடகட சத்தம். சமதரையில் பொறுத்துக்கொண்ட இஞ்சின், ஏற்றத்தில் பாரம் விழுந்ததும் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். பிறகு கேட்டான்: "அப்ப நடுவுல இந்தப் பாலம் மட்டும் இல்லாட்டி என் கணக்கு சரிதானண்ணே?"

பெரியபட்டினத்து பாய்

காதர் பாய் பெரியபட்டினத்துக்காரர். வளைகுடாவில் ஒரு விமான நிலையத்தில், விமானத்துக்கு எண்ணெய் நிரப்பும் லாரியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ராத்திரி விட்டுப்போன காரை எடுக்க அந்த நேரத்துக்குத்தான் வந்தார். டாங்கிலிருந்து இறக்கிய எண்ணெயை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்து மோந்து பார்த்தார். "ஜெட் எண்ணெய். மண்ணெண்ணெய்க்குக் கூடப் பிறந்தது" என்றார். சின்ன விசிறி விமானங்களுக்கு ஊற்றுவது வேறு, அது ஈயம் கலந்த ஒரு வகைப் பெட்ரோல். அதை இந்தக் காலத்துக் காரில் ஊற்றினால் புகைக்குழாயில் இருக்கிற வடிகட்டி பாழாகும் என்றும் சொன்னார். புத்தகத்தில் படித்தும் எனக்குப் புரியாமல் கிடந்தது அது.

பேரலை அன்றைக்கே கடலோரப் போலீசில் ஒப்படைக்கச் சொன்னார். அந்தோணி சாயங்காலமே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். ஆனால் சீட்டுக்கு அடியில் இருந்த பெட்ரோல் கேனைப் பார்த்ததும் பாய்க்கு முகம் மாறிவிட்டது. "அல்லா காப்பாத்துனான். ஒரு சொட்டுத் தண்ணி கலந்திருந்தாலும் நாங்க விமானத்துக்கு ஊத்த மாட்டோம், நீங்க பிள்ளைக உக்காருற சீட்டுக்குக் கீழ பெட்ரோலை வச்சிட்டு வாரீக!"

சிக்கல் சம்சாரி

இதையெல்லாம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் சிக்கல் என்கிற ஊரிலிருந்து ராமேஸ்வரம் வந்த ஒரு சம்சாரி, விவசாயம் பார்க்கிறவர். அவருடைய டீசல் காருக்கு ராத்திரியே பெல்ட் மாட்டி முடித்திருந்தேன், வேடிக்கை பார்க்கத்தான் கிளம்பாமல் இருந்தார். மெதுவாக என் பக்கத்தில் வந்து, "வானத்துல பறக்குறதுக்கே இந்த எண்ணெய்ன்னா ரோட்டுல எம்புட்டு வேகம் போகும்! ஒரு அஞ்சு லிட்டர் எனக்கு விடுங்களேன்" என்றார்.

டீசல் வண்டியில் அது ஓடத்தான் செய்யும், அதுதான் வம்பே என்றேன். வேகமும் கூடாது. டீசலில் இருக்கிற வழுவழுப்பு இதில் கிடையாது. பம்பு வறண்டு, தேய்ந்து, ஒருநாள் மொத்தமாக நிற்கும். அவர் சொன்னார்: "கொழம்பு ஊத்தாத சோறுன்னு சொல்லுங்க. தின்னுரலாம், தொண்டைக்குள்ள எறங்காது."

மூன்றாவது ஓட்டை

சனிக்கிழமை நான் தூங்கவில்லை. சீட்டுக்கு அடியில் இருந்த கேனையும் திருகையும் கழற்றி எறிந்து, டாங்கைக் கழுவி, குழாய்களை ஊதி, கார்புரேட்டரைப் பிரித்துச் சுத்தம் செய்தேன். இஞ்சின் ஆயிலிலும் மண்ணெண்ணெய் வாசம் அடித்தது, அதையும் இறக்கிவிட்டுப் புதிது ஊற்றினேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இரண்டு பேரும் வந்தார்கள். இனி தெரிய வேண்டியது ஒன்றுதான்: உள்ளே பிஸ்டன் பிழைத்ததா, ஓட்டை விழுந்ததா. ஓட்டை என்றால் இஞ்சினையே இறக்க வேண்டும், திங்கட்கிழமை போச்சு.

மூன்று பிளக்கையும் கழற்றினேன். பிளக் இருந்த ஓட்டையை பிலோமினாவைக் கட்டைவிரலால் அமுக்கச் சொன்னேன், அந்தோணியைச் சாவி திருப்பச் சொன்னேன்; பிஸ்டன் நன்றாக இருந்தால் உள்ளே அமுங்குகிற காற்று விரலைத் தள்ளும். முதல் ஓட்டையில் 'டப்'பென்று விரலைத் தூக்கி எறிந்தது. இரண்டாவதிலும். மூன்றாவதில் ஒன்றுமில்லை, யாரோ வாய்க்குள் ஊதின மாதிரி ஒரு காற்று. அவள் ஓட்டையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அந்த நேரத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று எந்தப் புத்தகத்திலும் போடவில்லை.

அந்த ஓட்டையில் ஒரு கரண்டி புது ஆயில் விட்டேன். பிஸ்டனில் ஓட்டை என்றால் ஆயிலால் ஒன்றும் மாறாது. பிஸ்டன் உரசுகிற உள்சுவரில் இருந்த ஆயிலை மண்ணெண்ணெய் கழுவிவிட்ட கோளாறு மட்டும்தான் என்றால், இந்த ஒரு கரண்டியிலேயே இறுகிக்கொள்ளும். "திருப்புலே" என்றேன். அவள் கட்டைவிரல் துள்ளி எகிறியது. "என்னாச்சு, என்னாச்சு?" என்று அந்தோணி உள்ளேயிருந்து கத்தினான். பிலோமினா ஆயில் விரலைப் பிடித்தபடி சொன்னாள்: "உசுரு இருக்கு. இனிமே இந்த வண்டியில ஏதாச்சும் திருகைத் தொட்டீங்க, கையை ஒடிச்சிருவேன்."

எட்டரை மணி

திங்கட்கிழமை காலை வீட்டுக்குப் போகாமல் பாலத்தடியில் ஒரு டீயை வாங்கிக்கொண்டு நின்றேன். டீ ஆறிப்போனது. எட்டு மணிக்கு மேல் உச்சியில் வேனின் தலை தெரிந்தது. புகை இல்லை, சத்தம் சீராக இருந்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் அந்தோணி, எதற்கும் இருக்கட்டும் என்று இழுவைக் கயிற்றோடு. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, ரோட்டைத்தான் பார்த்தாள். ஓட்டுகிறவர் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்து ஆட்கள் உள்ளே ஏறி உட்கார்ந்து, பாலத்தில் ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லியிருக்கிறார்கள். ஒன்பதரைக்கு வேன் கொட்டகை வாசலில் வந்து நின்றது. இஞ்சினை அணைக்காமலே கண்ணாடியை இறக்கிச் சொன்னாள்: "நாளையிலேர்ந்து பதினோரு பிள்ளைகண்ணே. நீங்க போயித் தூங்குங்க."

எதை எதில் ஊற்றலாம் என்று ஊரில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டால் நான் கடையை மூட வேண்டியதுதான், ஆனால் அந்தோணி மாதிரி ஆட்கள் இருக்கிற வரைக்கும் அந்தப் பயம் எனக்கு இல்லை.