ரசம் தளும்பாத உயரம்

எங்கள் பிக்கப் வண்டி ஓடைக்கு நடுவில் பாறைமேல் உட்கார்ந்துகொண்டபோது, அதன் பின்னால் ஒரு குடும்பத்துப் பங்காளிகள் அத்தனை பேருக்குமான மதியச் சாப்பாடு இருந்தது.

கீழச்சிவல்பட்டிப் பக்கம் காட்டுக்குள் இருக்கிற குலதெய்வக் கோயில் அது. வருடத்துக்கு ஒருமுறை சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வந்து கூடிச் சாமிக்குப் படைப்புப் போடுவார்கள். கோயிலில் தண்ணீர் வசதி கிடையாது என்பதால் காரைக்குடியிலேயே சமைத்து, அண்டாக்களில் ஏற்றிக்கொண்டு போவோம். சமையல் என் மதினியுடையது. மதினி என்றால் அண்ணன் மனைவி. வண்டி ஓட்டுவதும், ஆட்களைக் கூப்பிடுவதும், வாடிக்கையாளர்களோடு போனில் பேசுவதும் என் வேலை.

ஃபோர் வீலைப் போட்டு மிதித்துப் பார்த்தேன். நான்கு சக்கரமும் சுற்றின. வண்டி அசையவில்லை. வண்டியின் வயிறே பாறையில் தங்கி நிற்கும்போது எத்தனை சக்கரம் சுற்றினால்தான் என்ன? கடைசியில் அண்டாக்களின் காதுக்குள் மூங்கில் கழியைக் கோத்து, ஆள் மாற்றி ஆள் தோள்கொடுத்துக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பந்தி தாமதமானது. யாரும் கடிந்துகொள்ளவில்லை, பசி மட்டும் முகங்களில் தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் மதினி சொன்னார்.

"ஏத்தா, ஒண்ணு இந்த வண்டியத் தூக்கிக் கட்டணும். இல்லாட்டி இந்த மாதிரி காட்டுக் கோயில ஒத்துக்கிறத விட்டுறணும். ரெண்டுல ஒண்ணு நீயே சொல்லு."

காட்டுக் கோயில்களை விடுவதற்கு எனக்கு மனமில்லை. ஊருக்குள் சமைக்க எத்தனையோ பேர் இருக்கிறார்கள். ஓடையையும் முள்ளையும் தாண்டிச் சாப்பாடு கொண்டுவருகிறவர்கள் என்று எங்களுக்கு ஒரு பெயர் உருவாகிக்கொண்டிருந்தது.

வண்டி அண்ணனுடையது. கல்குவாரியில் ஓடிய பழைய வண்டியை வாங்கி, ஆசையாகச் சில காலம் ஓட்டினார். பிறகு சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். விற்றுவிடலாம் என்றபோது வேண்டாமென்றது மதினிதான். அந்த வண்டியை நம்பித்தான் சமையல் ஒப்பந்தம் எடுக்கவே தொடங்கினோம். நான் கியர் போடக் கற்றுக்கொண்டதும் அதில்தான்.

வண்டியைத் தூக்கிக் கட்டுவதற்கு யாரைக் கேட்டாலும் ஒரே பட்டறையைக் கைகாட்டினார்கள். நடத்துகிறவர் முப்பதைத் தாண்டாதவர், இன்ஜினியரிங் படித்தவர். எங்கள் வண்டியைப் பார்த்ததும் காதலியைப் பார்த்தவர்போல ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். போனை எடுத்து, மலைமேல் நிற்கிற, சேற்றில் பாய்கிற, கூரையில் விளக்கு வரிசை வைத்த பெரிய பெரிய வண்டிகளின் படங்களைக் காட்டினார். "ஆறு இஞ்ச் தூக்கிருவோம்க்கா. பெரிய டயர் போடுவோம். ஊரே திரும்பிப் பாக்கும்" என்றார்.

மதினி படங்களைப் பார்க்கவில்லை. வண்டிக்குப் பின்னால் போய்க் கொக்கியைத் தட்டிப் பின்கதவை இறக்கினார். அது அவர் மார்பு உயரத்துக்கு இருந்தது.

"தம்பி, இப்பவே அண்டா ஏத்துறவுக மூச்சு வாங்குறாக. நீங்க இன்னும் தூக்கினா நாங்க ஏணி வச்சா ஏத்துறது?"

பட்டறைக்காரர் சிரித்துவிட்டார். எங்கள் பிரச்சினை அங்கேதான் இருந்தது. ஓடைக்கு உயரம் வேண்டும், அண்டாவுக்குத் தாழ்வு வேண்டும். அதோடு மதினி இன்னொன்றையும் சேர்த்தார். எவ்வளவு தூக்கினாலும் சரி, ரசம் தளும்பக் கூடாது.

அன்று மாலை அண்ணன் வீடியோ காலில் வந்தார். விஷயம் கேட்டதும் அவரும் பட்டறைக்காரர் கட்சியில் சேர்ந்துவிட்டார். செய்வதைப் பெரிதாகச் செய்துவிடுங்கள், திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போக முடியுமா என்று கேட்டார். மதினி வெங்காயம் உரித்துக்கொண்டே, "அங்குட்டு உக்காந்துக்கிட்டு இஞ்ச் கணக்குச் சொல்லுறது லேசுதான். இங்குட்டு வந்து ஒரு சாம்பார் அண்டாவ ஏத்திக் காட்டுங்க" என்றார். அண்ணன் பேச்சை மாற்றி, அங்கே மழை பெய்வதைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

அதன்பிறகு நான் ஒரு மாணவியாகிவிட்டேன். சமையல் இல்லாத நாட்களில் பட்டறையில் போய் உட்காருவேன். எங்கள் வண்டிக்குப் பின்பக்கம் அடுக்குப் பட்டை ஸ்பிரிங். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய, வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள். முன்பக்கம் ஸ்பிரிங்கே கிடையாது. முறுக்கி வைத்த நீளமான கம்பி ஒன்றுதான் எடையைத் தாங்குகிறது. அதன் போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும், ஆனால் அளவுக்கு மீறினால் வண்டி குதிக்கிற இடமெல்லாம் மண்டை கூரையில் இடிக்கும். பின்பக்கத்தைத் தூக்குவதற்கு வழிகள் பல இருந்தன. எளிய வழி, சக்கரங்களை இணைக்கிற ஆக்ஸிலுக்கும் பட்டைக்கும் நடுவே ஒரு இரும்புக் கட்டையை வைத்து, நீளமான போல்ட் போட்டு இறுக்குவது. இன்னொன்று, இருக்கிற அடுக்கில் தடிமனான பட்டை ஒன்றைச் செருகுவது. எல்லாவற்றிலும் மேலானது, வளைவு அதிகமான புது அடுக்கையே போட்டு, அதற்கேற்ற நீளத்தில் ஷாக் அப்சார்பரை மாற்றுவது.

பட்டறைக்காரர் முதலில் கட்டையையும் தடிமன் பட்டையையும் சேர்த்துப் போட்டார். சுமை வண்டிக்கு அதுதான் பொருத்தம், நாளைக்கு நெல் மூட்டையே ஏற்றலாம் என்றார். ஆறு இஞ்ச் இல்லை, பேரம் பேசி மூன்றுக்கு இறக்கியிருந்தோம். வண்டி பார்க்க மிடுக்காகத்தான் இருந்தது.

மதினி ஒரு ரச அண்டாவோடு பட்டறைக்கு வந்தார். அதில் தண்ணீரை நிரப்பி மஞ்சள் தூளைக் கரைத்தார். மூடியைப் போட்டு, அண்டாவின் கழுத்தைச் சுற்றி ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டினார். "அமராவதிபுதூர் வரைக்கும் போயிட்டு வா. சாப்பாடு இருக்கிற மாதிரி ஓட்டு" என்றார். நான் அப்படித்தான் ஓட்டினேன். ஆனால் ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கம் கட்டாந்தரையில் பலகையைப் போட்டதுபோலத் தடக்கென்று விழுந்தது. திரும்பி வந்து பார்த்தால், வேட்டி முழுக்க மஞ்சள். பின்கண்ணாடியும் மஞ்சள். எதிர்பாராத விதமாக, பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்த பட்டறைக்காரரும் மஞ்சள்.

அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே வண்டியின் பின்பட்டையைக் குனிந்து பார்த்தார். பிறகு, "அக்கா, இத நான் விட மாட்டேன்" என்றார். அன்றிலிருந்து விளக்கு வரிசை, பெரிய டயர் எல்லாம் அவர் பேச்சிலிருந்து போய்விட்டன. ரசம் மட்டும்தான் பேச்சு. இரவில் எனக்கு வீடியோக்களை அனுப்புவார். நான் மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் போன் போட்டுக் கடைக்காரர்களைக் குடைவேன். ஒரு கடைக்காரர், என்ன சுமை ஏற்றுவீர்கள் என்று கேட்டார். சாம்பார், ரசம், பாயசம் என்றேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். பிறகு மிகுந்த மரியாதையோடு, மெல்லிய பட்டைகள் எண்ணிக்கையில் கூடுதலாக இருக்கிற அடுக்கை வாங்கச் சொன்னார். தடித்த பட்டை ஒன்று தாங்குவதை மெல்லிய பட்டைகள் பகிர்ந்து தாங்குமாம், ஆட்டமும் மெதுவாக இருக்குமாம்.

பட்டை வந்தது. ஷாக் வரும் கதைதான் நீண்டது. முதலில் வந்தது வேறு ஏதோ மாடலுக்கானது, போல்ட் நுழைகிற துளையே சிறியது. பட்டறைக்காரர் துளையைப் பெரிதாக்கிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்ததை அவர் முகத்தில் பார்த்தேன். நான் அதைப் பெட்டிக்குள் வைத்து ஒட்டித் திருப்பி அனுப்பிவிட்டேன். இரண்டாவது முறை சரியானது வந்தது. நீளம் கூடுதல், உள்ளே வாயு நிரப்பியது. அழுத்தி விட்டால் துள்ளாமல் நிதானமாக எழுந்து வந்தது.

இதற்கிடையில் எனக்கும் ஒன்று தோன்றியது. அன்று ஓடைப் பாறையில் முதலில் இடித்தது வண்டியின் வாலுக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி சக்கரம். அதை எடுத்துக் கேபினுக்குப் பின்னால் நிறுத்தி வைத்தால், வண்டியை இவ்வளவு தூக்க வேண்டிய அவசியமே இல்லையே. சொன்னபோது பட்டறைக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு டார்ச்சை அடித்துப் பார்த்தார். அங்கிருந்தே, "இத ஏன்க்கா மொதல்லயே சொல்லல" என்றார். கடைசியில் இரண்டு இஞ்சில் முடிந்தது. தகுதிச் சான்றுக்காக எஃப்.சி. காட்டும்போதும் யாரும் கேள்வி கேட்காத உயரம் அது. முன்பக்கக் கம்பியைக் கொஞ்சமே இறுக்கினோம். அண்டா ஏற்றுகிறவர்கள் முகம் சுளிக்கவில்லை.

மறுபடியும் மஞ்சள் தண்ணீர், மறுபடியும் அமராவதிபுதூர். இந்தமுறை பட்டறைக்காரர் பழைய சட்டை போட்டுக்கொண்டு ஏறினார். திரும்பி வந்தபோது வேட்டியில் மஞ்சள் கரை கட்டினாற்போல ஒரு கோடு மட்டும் இருந்தது. மதினி அதை விரலால் தடவிப் பார்த்தார்.

"ரசத்துக்கு இது போதும். பாயசம் கெட்டியாத்தான இருக்கப்போகுது."

பட்டறைக்காரர் தேர்வில் ஜெயித்தவர்போல டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருடம் அதே குடும்பத்தின் படைப்பு, அதே கோயில். மாசி மாதம். மழைக்கான காலமே இல்லை. ஆனால் முந்தின நாள் கொட்டித் தீர்த்துவிட்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஓடையில் செந்நிறத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இக்கரையில் பளபளவென்று கார்கள் வரிசையாக நின்றன. பட்டுச் சேலைகளும் வேட்டிகளுமாகக் குடும்பமே வெயிலுக்குக் குடை பிடித்துக்கொண்டு நின்றது. பூசாரியும் சில ஆண்களும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தே அக்கரைக்குப் போயிருந்தார்கள்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு கம்போடு இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. பழைய பாறை எங்கே இருக்கிறது என்று காலாலேயே தடவிப் பார்த்துவிட்டு வந்தேன். மதினி முன்சீட்டில் உட்கார்ந்து, கதவுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். லோ கியரைப் போட்டு மெதுவாக விட்டேன். தண்ணீர் கதவுக்கு அடியில் சலசலத்தது. பாறைமேல் ஒரு சக்கரம் ஏறி இறங்கியபோது வண்டி பக்கவாட்டில் சாய்ந்து நிமிர்ந்தது. இடிக்கும் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். இடிக்கவேயில்லை. அக்கரை ஏறியதும் மதினி முதலில் இறங்கிப் போய் ரச அண்டாவின் மூடியைத்தான் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை ஆட்டினார்.

சாப்பாட்டை இறக்கியபோது இக்கரையிலிருந்து கை தட்டிக் கூப்பிட்டார்கள். சாப்பாடு போய்விட்டது, சாப்பிடுகிறவர்கள் போக வேண்டாமா? திரும்பிப் போய்ப் பின்னால் ஜமுக்காளத்தை விரித்து ஆட்களை ஏற்றினேன். சென்னைக்காரர்கள் திருவிழாவுக்குப் போவதுபோல ஏறினார்கள். கடைசியில் குடும்பத்தின் மூத்த மருமகளான ஆச்சி நின்றார். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த பட்டு. அவருக்கு முன்சீட்டைக் கொடுத்தோம். ஆனால் உயர்த்திய வண்டியில் அவர் கால் எட்டவில்லை. மற்றவர்கள் தூக்கி ஏற்றுவதற்கும் அவர் சம்மதிக்கவில்லை. எங்கள் ஆள் ஒருவர் வெறும் தவலை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு, அதில் ஏறச் சொன்னார். ஆச்சி பின்வாங்கினார்.

"சோறு வடிக்கிற பாத்திரத்துல கால வைக்கச் சொல்லுறீகளா? நான் நடந்தே போறேன்."

நடக்க விட முடியாது. வண்டியில் கிடந்த பிளாஸ்டிக் காய்கறிக் கூடைகளைக் கவிழ்த்துப் படிபோல அடுக்கினேன். ஆச்சி ஒவ்வொன்றாக மிதித்துச் சோதித்துவிட்டு ஏறி, பூக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஓடையின் நடுவே போனபோது கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"ஆத்தா, செத்த நிறுத்து. எம் மக அமெரிக்காவுல இருக்கா. அவளுக்கு ஒரு படம் அனுப்பணும்."

ஓடும் தண்ணீரில் வண்டியை நிறுத்தவா முடியும்? திரும்பும்போது நிறுத்துகிறேன் ஆச்சி என்று கெஞ்சிக் கரை சேர்த்தேன். அவர் மறக்கவில்லை. பந்தி முடிந்து, தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிய பிறகு, ஓடை நடுவில் வண்டியை நிறுத்த வைத்து, தன்னையும் ஸ்டீரிங்கைப் பிடித்திருக்கிற என்னையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் விட்டார்.

எல்லோரையும் இக்கரை சேர்த்துவிட்டுத் திரும்பி வந்து, கோயில் கொட்டகையில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ரசம் அடியில் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. எங்கள் ஆட்கள் அதைக் கையில் வாங்கிக் குடித்தார்கள். மதினிக்குக் கிடைக்கவில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

திரும்பும் வழியில் காலி அண்டாக்கள் பின்னால் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன. எதையோ சொல்ல வாயெடுத்துத் திரும்பினேன். மதினி கண்ணாடியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டிருந்தார். விடியற்காலைக்கு முன்பே அடுப்பு மூட்டியவர். மண்சாலை முடிந்து தார்ச்சாலை வந்தபோதும் எழவில்லை. நான் வேகத்தடைகளில் மெல்ல ஏற்றி இறக்கி, காரைக்குடி வரை அவர் தூக்கம் கலையாமல் ஓட்டி வந்தேன்.