பாலத்துக்கு முன் இறங்கியவர்கள்

இன்று காலை எட்டு மணி பத்து நிமிடம். கண் டாக்டரின் அறையில் முதலில் பார்த்தது, சுவரில் தொங்கிய கண்ணின் குறுக்குவெட்டுப் படம். உள்பக்கத்து மெல்லிய படலத்தைத் தொட்டு, இதுதான் விழித்திரை என்றார் டாக்டர். அதில் கூம்பு வடிவ உயிரணுக்கள் பகலுக்கும் நிறத்துக்கும்; கோல் வடிவானவை மங்கல் வெளிச்சத்துக்கு. கோல்களிலுள்ள ஊதா நிறமி வெளிச்சத்தில் வெளிறி, இருட்டில் மறுபடி ஊறுமாம். அது ஊற ஒரு வைட்டமின் வேண்டும்.

"ஈரல்ல நிறைய இருக்கு."

அந்தச் சொல்லோடு மருந்து வாடை போய், பெட்ரோலும் இறைச்சிக் கூடையும் கலந்த வாடை வந்துவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கண்டி - கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் நான் கண்டக்டர். தோளில் காசுத் தோல்பை ஏறியதும் என் நடையே மாறிவிட்டதாக வீட்டில் சிரித்தார்கள். டிரைவர் சூசை அண்ணன். அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. மனைவி வயிற்றிலிருந்த மூன்றாவது தங்க வேண்டுமென்று, தவக்காலம் முடிந்து பாஸ்காத் திருநாள் வரும்வரை இறைச்சி, மீன், முட்டை, பால் தொடுவதில்லை என்று நேர்ந்திருந்தார். கஞ்சியும் பிளேன் டீயும்தான். அதற்கு முன்பும் செழிப்பாகச் சாப்பிட்டவர் அல்ல.

கடைசி பஸ் வெளிச்சத்தில் கிளம்பும். பயணத்தின் முடிவிலுள்ள மகாவலிப் பாலத்துக்கு வரும்போது இருட்டிவிடும். ஒரு மாலை, பாலத்தை நெருங்கும்போது, சந்தையில் இறைச்சிக்கடை வைத்திருந்த காசிம் நானா முன் சீட்டிலிருந்து அண்ணனின் கையைப் பிடித்தார்.

"தம்பி, நிப்பாட்டு."

பஸ்ஸுக்கு முன்னால், தொடும் தூரத்தில் எருமை.

"மாடு தெரியல்லியா?"

"பொழுது சாஞ்சா ஒன்னும் தெரியல நானா. மொதலாளிக்குத் தெரிஞ்சா வேல போயிரும்."

"மாலைக்கண். நாளைக்கு ஈரல் தாறன், தின்னு."

"பாஸ்கா வரைக்கும் முடியாது."

"எங்கட நோன்பிலயும் நோயாளிக்கு விலக்கு இருக்கு. உங்கட சாமியார்ட்டக் கேளேன்."

"நேந்தது சாமியார் இல்ல நானா. நான்."

நானா கூடையோடு எழுந்தார். "எல்லாரும் எறங்குங்க. ஆத்துல விழுறதெண்டா டிரைவர் தனியா விழட்டும்."

சிரித்தபடி இறங்கியவர்கள் பாலத்தில் ஏறி நடந்தார்கள். அவர்கள் அக்கரை சேர்ந்த பிறகு, அரிக்கன் லாம்போடு நான் நடந்தேன், பின்னால் பஸ். முதுகில் என்ஜின் சூடு, காலடியில் மகாவலிச் சத்தம். திரும்பிப் பார்க்க முடியாது. லாம்பு ஆடினால் ஸ்டியரிங்கும் ஆடும். பாஸ்கா வரை மாலைதோறும் இதுதான். முதலாளியிடம் ஒருவரும் சொல்லவில்லை.

பாஸ்காவன்று அண்ணன் ஈரல் தின்றார். சில நாளில் கண் தெளிந்தது. பாலம் வந்ததும் பயணிகள் பழக்கத்தில் எழுந்து நின்றார்கள்.

"இருங்க, இருங்க. எருமையெல்லாம் தெரியுது."

அந்த பஸ் இப்போது இல்லை. நானா இல்லை, அண்ணனும் இல்லை. அந்த வருஷம் பிறந்த மூன்றாவது பிள்ளையும் தங்கவில்லை.